40 விழுக்காட்டில் நின்ற கணினி

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் புதிய இயங்குதளத்தை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, நிறுவத் தொடங்கி, திரையில் ஏறிக்கொண்டிருந்த விழுக்காட்டுக் கணக்கு 40இலோ 60இலோ நின்றுவிட, கைபிசைந்து உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி பழுதுபார்த்துவரும் என்னிடம் இந்தக் குறையோடு வருவோர் அண்மையில் கூடியிருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துபோனதால், உரக்கடைக்காரர் முதல் ஜாதகம் கணிப்பவர் வரை, பழைய கணினியில் விண்டோஸ் 11ஐயோ உபுண்டு போன்ற ஒரு லினக்ஸையோ ஏற்றிப் பார்க்கிறார்கள்.

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த பிறகும் கடைமடையில் ஒரு வயல் காய்ந்து கிடந்தால், நாம் அந்த வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகில் பலகை இறங்கியிருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். நிறுவல் நின்ற இடமும் கடைமடைதான். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் நம்மில் பெரும்பாலோர் காய்ந்த வயலையே திரும்பத் திரும்ப வெட்டுகிறோம்; அதாவது, நிறுவல் கோப்புகள் உள்ள அதே பென்டிரைவைச் செருகி, அதே பொத்தானை அழுத்தி, அதே இடத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் புதிய இயங்குதளத்தைத் திட்டுகிறோம்.

"நேற்றுவரை நன்றாக ஓடிய கணினிதானே?" என்பது அடுத்து வரும் கேள்வி. நியாயமான கேள்வி. அன்றாடம் பில் போடுவதற்கும் கடிதம் அடிப்பதற்கும் கணினி தன் நினைவகத்தில், நாம் ராம் என்கிறோமே அதில், ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. நிறுவலின்போதோ, பல்லாயிரம் கோப்புகள் இறுகச் சுருக்கப்பட்ட நிலையில் வந்து, நினைவகத்தில் விரிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, வட்டில் எழுதப்படுகின்றன. ஒரு புகைப்படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் நம் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கப்பட்ட கோப்பில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினாலும் அது விரியாது, நிறுவலும் நின்றுவிடும். ஆகவே, பல ஆண்டுகளாக மறைந்திருந்த பழுது நிறுவலன்றுதான் முதன்முதலாக வெளியே தெரிகிறது.

இதில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, செயலி பழையது என்று சொல்லி விண்டோஸ் 11 தொடக்கத்திலேயே நிறுவ மறுப்பது வேறு. பாதியில் முறிந்து விழுவது வேறு. முன்னது அந்த இயங்குதளத்தின் விதி. நான் இன்று பேசுவது பின்னதைப் பற்றி மட்டுமே.

என்னிடம் வருவோரிடம் நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, அல்லது ஒருமுறை 20இலும் மறுமுறை 70இலுமாக இடம் மாறி நிற்கிறதா? ஒரே இடம் என்றால், பெரும்பாலும் பென்டிரைவில் இருக்கும் கோப்போ, எழுதப்படும் வட்டின் ஒரு பகுதியோ, குறிப்பிட்ட ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவர் என்ற நிரலோ காரணமாக இருக்கும். இடம் மாறினால், நினைவகம், சூடு, மின்சாரம் ஆகிய மூன்றை ஐயுற வேண்டும். இரண்டாவது கேள்வி: பிழைத்திரை (பெரும்பாலும் நீலம், சில பதிப்புகளில் கறுப்பு) வந்து ஏதாவது சொல்லிவிட்டு நின்றதா, ஒன்றும் சொல்லாமல் சட்டென்று இருண்டதா? பிழைத்திரை வந்தால், கணினிக்குத் தன் குறையைச் சொல்ல நேரம் இருந்திருக்கிறது. அந்தச் சொற்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் இருண்டால், சூட்டையும் மின்சாரத்தையும் முதலில் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், எழுதிக்கொள்வோருக்காக: நிற்பது ஒரே இடமா, வெவ்வேறு இடமா, சொல்லிவிட்டு நின்றதா, சொல்லாமல் நின்றதா.

இப்போது இவ்வளவு தெளிவாகப் பேசும் நான் ஒருமுறை ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். திருவாரூர்ப் பக்கத்தில் ஓர் அம்மையார் தட்டச்சு, நகல் எடுக்கும் கடை ஒன்று நடத்திவந்தார். அடுத்த கட்டடம் நெல் அரவை மில். அவருடைய கணினியில் நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில், ஒரு சொல்லும் சொல்லாமல் இருண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. நான் என் சொந்தப் பென்டிரைவைப் போட்டேன், நின்றது. வட்டை மாற்றினேன், அவருக்குச் செலவு வைத்ததுதான் மிச்சம். பிறகு நினைவகத்தை ஐயுற்று, மெம்டெஸ்ட்86 என்ற நிரலை ஓடவிட்டேன். இயங்குதளமே இல்லாமல் தானாக இயங்கி, நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும் சிறு நிரல் அது. கடையைப் பூட்டிவிட்டு இரவு முழுவதும் ஓடவிட்டோம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. நினைவகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலை ஒன்பதரைக்கு மீண்டும் நிறுவத் தொடங்கினேன். 12 விழுக்காட்டில் இருண்டது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அந்த அம்மையார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், மில்லுல மோட்டார் போடுறப்பதான் இது நிக்குது. ஃபேன்கூட ஒரு தடவை சுணங்கி வருது பாருங்க." முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார்.

பெரிய மோட்டார் ஒன்று புறப்படும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; அதே கம்பியில் இருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளில் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி அந்தக் கணத்தைத் தாங்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஒன்று, வெளியிலிருந்து மின்சாரமே வராவிட்டாலும் ஏறக்குறைய 16 மில்லி நொடி வரை ஈடுகொடுக்கும். அம்மையாருடைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. யுபிஎஸ் இருந்தது, அதன் பேட்டரி செத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மில் உறங்கும் இரவில் நான் நடத்திய சோதனை எதைக் கண்டுபிடித்திருக்கும்? முன்பும் அந்தக் கணினி நாளில் ஓரிரு முறை தானாக அணைந்து எழுந்ததுண்டாம். தட்டச்சு வேலையில் அது ஒரு தொல்லை, அவ்வளவே. ஒரு மணி நேரம் இடையறாமல் நடக்க வேண்டிய நிறுவலுக்கோ அது தாங்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸையும் பேட்டரியையும் மாற்றியதும், மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவல் முடிந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: மின்இணைப்பைப் பிடுங்கிய பின்னும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது, முழுதாக மாற்றிவிடுங்கள்.

இக்கதையைச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்துவதில்லை என்று வீட்டில் சொல்வார்கள். இனி பென்டிரைவுக்கு வருவோம். இணையத்திலிருந்து இறக்கிய நிறுவல் கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வெளியிடுவோர் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு குறியீட்டைத் தருகிறார்கள். எஸ்ஹெச்ஏ 256 என்பது அதன் பெயர். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை எடை போட்டு அனுப்புகிறோம். கிடங்கில் மீண்டும் எடை போட்டு ஒத்துப்பார்க்கிறார்கள். ஆனால் எடை சரியாக இருந்தும் உள்ளே கல் கலந்திருக்கலாம். இந்தக் குறியீட்டில் அது நடக்காது. ஒரு நெல்மணி மாறினாலும் குறியீடு முழுவதுமே வேறாகிவிடும். பத்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று நாள் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலை குறைவு என்று வாங்கிய போலிப் பென்டிரைவுகளும் உண்டு. மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது, கொள்ளளவைத் தாண்டியதும் பிழை சொல்லாமலே கோப்பைச் சிதைத்துவிடும்.

நினைவகத் துண்டுகள் இரண்டு இருந்தால், மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒன்றைக் கழற்றி ஒற்றைத் துண்டோடு முயலுங்கள், பிறகு மற்றதோடு. பிரிண்டர், கூடுதல் வட்டு, வைஃபை டாங்கிள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு, விசைப்பலகை, மவுஸ், திரை மட்டும் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், பழுது எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். திரையில் படம் காட்டும் திரை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாக: உபுண்டு நிறுவும்போது திரை கறுத்துப்போனால், தொடக்கப் பட்டியலில் "சேஃப் கிராபிக்ஸ்" என்ற இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுங்கள், நிறுவி முடித்த பிறகு உரிய டிரைவரை ஏற்றலாம். விண்டோஸ் நிறுவும்போது வட்டே பட்டியலில் தெரியாவிட்டால் வட்டு செத்துவிட்டதென்று முடிவுகட்டாதீர்கள். மடிக்கணினி தயாரிப்பாளர் தரும் சேமிப்பக டிரைவரைப் பென்டிரைவில் வைத்துக் காட்டினால் தெரியக்கூடும். கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பிப்பதானால், பேட்டரி நன்றாக உள்ள யுபிஎஸ்ஸில் மட்டுமே செய்யுங்கள், பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். முதலில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் சொல்கிறேன்: இவற்றில் எதைத் தொடங்குவதற்கு முன்பும், உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். வணக்கம்.