மெய்யில் படுவது

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். முகபாவத்தின் வலிமையைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள்.

விடிய விடிய ஆடும் கூத்தை வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பாரில், ஆடுபவரின் முகம் ஒரு காலத்தில் களரியோரம் பாய் விரித்து இருந்தவர்களுக்கே தெளிவாகத் தெரிந்தது. தீப்பந்தமும் பின்னர் பெற்றோல்மாக்ஸும் தந்த வெளிச்சத்தில், கெருடம் என்னும் தலையணியும் கரப்புடுப்பு என்னும் கூடைபோல் விரிந்த உடையும் அணிந்தவர் நாற்புறமும் திரும்பித் திரும்பி ஆட, தொலைவில் இருந்தவர்கள் வீரத்தையும் துயரத்தையும் மத்தளத்திலும் பாட்டிலும் கால்களிலும்தான் கண்டார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு நம் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியைச் சுருக்கி மேடையேற்றியபோது, பார்வையாளர் ஒரு புறத்தில் அமர்ந்தனர். மின்னொளி முகத்தில் விழுந்தது. புருவத்தின் சிறு அசைவுக்கும் பொருள் உண்டாயிற்று. அந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் முகத்தைக் கோணுவதே முகபாவம் என்று எண்ணும் பிழையும் மேடையில் பெருகிவிட்டது என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

மீசை அரும்பாத வயதில் எனக்குச் சுபத்திரை வேடம் தந்தார்கள். அபிமன்யு இறந்த செய்தி கேட்டுப் புலம்பும் கட்டத்தில் நான் வாயைக் கோணி, கண்ணை இறுக்கி, உதட்டை நடுக்கினேன். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, அரிக்கன் லாம்பைத் தூக்கி என் முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அழாதெ மனே. அழாம இரிக்கப் பாரு." நான் அழுகையை விழுங்க முயன்றேன். தொண்டை அடைத்தது, தாடை தானாக இறுகியது, கூத்துப் பழக்கம் பார்க்க வந்திருந்த பெண்களில் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அண்ணாவியார் சொன்னதன் பொருள் 'மெய்ப்பாடு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. உள்ளத்தில் எழுந்தது மெய்யில், அதாவது உடம்பில், வந்து படுகிறது. தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். அழுகைக்கு அவர் கூறுபவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. உதடு எப்படி வளையும் என்று அவர் அங்கே விதிக்கவில்லை. அது எங்கிருந்து வரும் என்பதையே சொல்கிறார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதி நாடகவியலை ஆராய்ந்த இந்த மண்ணில், நடிப்புப் பயிற்சி கண்ணாடிக்கு முன்னால் அல்ல, உணர்ச்சி பிறக்கும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

மருத்துவமும் இதற்குச் சான்று தருகிறது. பிரான்சிய மருத்துவர் டூஷேன் 1862இல் வெளியிட்ட நூலில், வாயின் ஓரத்தை நாம் நினைத்தபடி உயர்த்தலாம், ஆனால் மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றிச் சுருங்கும் தசை நம் கட்டளைக்கு எளிதில் பணிவதில்லை என்று காட்டினார்.

இதை நான் வீட்டிலேயே கண்டேன். என் தாயாருக்குப் பாரிசவாதம் என்னும் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மருத்துவர் பல்லைக் காட்டச் சொன்னபோது இடப்பக்க உதடு அசையவேயில்லை. அன்று மாலை பேரன் ஓடிவந்து, பிடித்து வந்த தும்பியை அவர் கையில் வைத்தபோது, அதே உதட்டோரம் மேலே எழுந்தது. நாம் எண்ணி இயக்கும்போதும் உணர்ச்சி எழுந்து இயக்கும்போதும் முகத்துக்கு வரும் ஆணை மூளையில் முற்றிலும் ஒரே வழியாக வருவதில்லை என்றும், பாரிசவாதம் கண்ட சிலருக்கு ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கும் என்றும் மருத்துவர் பின்னர் விளக்கினார். இத்தகைய நோயில் முகத்தின் கீழ்ப்பாதிதான் பெரிதும் தளர்கிறது. நெற்றியும் கண்களும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

பார்க்க வந்தவர்களோ அந்தக் கோணிய வாயைத்தான் பார்த்தார்கள். கிழவி கோபமாக இருக்கிறார் என்று எண்ணினார்களோ, பார்க்கப் பொறுக்கவில்லையோ, அவரைக் கேட்க வேண்டியவற்றையெல்லாம் என்னிடம் கேட்டார்கள். நாளடைவில் தாயார் பேச முயல்வதையே குறைத்துக்கொண்டார். முகம் மற்றொரு முகத்தின் மறுமொழியை நம்பியே வாழ்கிறது என்பதை மேடையில் இத்தனை காலம் நின்றும் நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

ஒருநாள் மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து தாயாரின் பழைய தோழி வந்தார். கதிரையை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்து, நேர் எதிரே இருந்துகொண்டு, இருவரும் குமரிகளாக வயலுக்குப் போன நாளில் வாய்க்காலில் வழுக்கி விழுந்த கதையைத் தொடங்கினார். வாயைப் பார்க்கவில்லை, கண்களையே பார்த்துச் சொன்னார். கதை பாதியில் நிற்கும்போதே தாயாரின் கண்ணோரம் சுருங்கத் தொடங்கியது. "சிரிக்கிறாய், எனக்குத் தெரியுது" என்றார் அந்த அம்மா.