ஏரி நாட்டில் தட்டையான பாதை எது? நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் கேவன் மாவட்டத்து ஏரிகளைப் பற்றி முன்பு பேசியதைக் கேட்டுவிட்டு, டப்ளினில் வசிக்கும் நேயர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "ஐயா, ராயல் கால்வாய்க் கரையோடு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிப் பழகியவன் நான். ஏரிப் பகுதியில் மலை ஏதும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நம்பிப் போனேன். அறுபதாவது கிலோமீட்டரில் கால் ஓய்ந்துவிட்டது. ஏரியும் அதிகமாகக் கண்ணில் படவில்லை. ஏரியை ஒட்டிச் செல்லும் தட்டையான பாதை எது? எந்த மாதத்தில் போகலாம்?" இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே மகிழ்ச்சி. அந்த நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே இவருடைய கால்வலிக்குள் இருக்கிறது.

மலை இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அங்கே இருப்பவை டிரம்லின்கள். பள்ளிப் புவியியல் பாடத்தில் ஒரு படத்தோடு கடந்துவந்திருப்பீர்கள். கடைசிப் பனியுகத்தில் அயர்லாந்தை மூடியிருந்த பனிப்பாளம் நகர்ந்தபோது, அதன் அடியில் களிமண்ணும் கல்லும் திரண்டு, நீள்வட்ட வடிவக் குன்றுகளாகப் படிந்தன. பெரும்பாலானவை இருபது முதல் ஐம்பது மீட்டர் உயரம்தான் இருக்கும். ஆனால் கிழக்கே டவுன் (Down) என்ற மாவட்டத்தில் தொடங்கி மேற்கே கிளூ வளைகுடா வரை ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த வளைகுடாவில் தெரியும் தீவுகளே கடலில் பாதி மூழ்கிய டிரம்லின்கள்தாம். புவியியலாளர்கள் இதை முட்டைக்கூடை நிலம் என்பார்கள். முட்டைகளுக்கு இடையில் உள்ள பள்ளங்களில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும்? அவைதாம் உங்கள் ஏரிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 ஏரிகள் என்று கேவன்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். யாரும் எண்ணிச் சரிபார்க்கப் போவதில்லை என்ற துணிச்சல்தான்.

நம் வழக்கமான நேயர்களுக்கு நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பதினைந்து மீட்டர் மட்டும் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது ஓர் ஏற்றமா என்று கேட்கத் தோன்றும். அறுபது கிலோமீட்டரில் அது 900 மீட்டர். கேவனுக்கும் வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்துக்கும் நடுவே எல்லையில் நிற்கும் குயில்கா மலையின் உயரமே 665 மீட்டர்தான். மலையே இல்லாத பாதையில் நீங்கள் குயில்காவைவிட அதிகமாக ஏறியிருக்கிறீர்கள் ஐயா, சிகரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சுகம் மட்டும் இல்லாமல்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீண்ட மலையேற்றத்தில் உடலுக்கு ஒரு சீரான தாளம் அமைந்துவிடுகிறது. கியரை இறக்கிக்கொண்டு, மூச்சைச் சீராக்கி, ஒரே வேகத்தில் மிதிக்கலாம். டிரம்லின் அப்படி விடாது. இரண்டே நிமிடம் நீடிக்கும் செங்குத்தான ஏற்றத்தை யாரும் கியர் மாற்றிப் பொறுமையாக ஏறுவதில்லை. எழுந்து நின்று அழுத்தி ஏறிவிடுகிறோம். உச்சியைத் தாண்டினால், அரை நிமிடத்தில் இறக்கம் முடிந்துவிடுகிறது. அந்த இறக்கத்தின் வேகத்தையாவது அடுத்த குன்றுக்குக் கொண்டுபோக முடிகிறதா என்றால், கிராமத்துச் சாலைகளில் பள்ளத்தின் அடியில்தான் ஒரு திருப்பமோ, முச்சந்தியோ, சாணம் கிடக்கும் பண்ணை வாசலோ இருக்கும். பிரேக்கைப் பிடிக்கிறீர்கள், சம்பாதித்த வேகமெல்லாம் அங்கேயே போய்விடுகிறது. இது அறுபது முறை நடந்தால் எந்தக் காலும் ஓயும்.

ஆகவே, நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எந்தத் திசையில் ஓட்டுவது என்பதுதான். டிரம்லின்கள் தாறுமாறாகக் கிடப்பவை அல்ல. பனி நகர்ந்த திசையில், ஒரு பகுதியில் உள்ளவை எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கமாக நீண்டு கிடக்கும். உயரக்கோடுகள் உள்ள நிலவரைபடத்தை விரித்தால் அந்த நீள்வட்டங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீளவாட்டில் செல்லும் சாலை பள்ளங்களுக்குள்ளேயே வளைந்து போகும். குறுக்கே செல்லும் சாலை ஒவ்வொரு குன்றின் முதுகிலும் ஏறி இறங்கும். புறப்படும் ஊரும் சேரும் ஊரும் அதேதான். சாலையை மாற்றினால் மொத்த ஏற்றம் வெகுவாகக் குறையும். மறுபடியும் சொல்கிறேன், கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள்.

ஏரி கண்ணில் படவில்லை என்ற குறைக்கு வருகிறேன். அதுவும் இதே நிலத்தின் வேலைதான். கேவனில் உள்ள லாக் ஊட்டர் ஏரி என்பது விரிந்து கிடக்கும் ஒரே நீர்ப்பரப்பு அன்று. குன்றுகளுக்கிடையே புகுந்து புகுந்து, எர்ன் ஆறு கோத்துக்கொண்டு போகும் சிறு ஏரிகளின் பின்னல். கரையோரம் சேறும் நாணலும் இருப்பதால் பழைய சாலைகள் கரையைத் தவிர்த்தே போகின்றன. இருபுறமும் ஆளுயர முள்செடி வேலி வேறு. ஒருமுறை நான் மாடுகள் சாலையைக் கடப்பதற்காகக் காத்திருந்தபோது, அவற்றை ஓட்டிவந்த பெரியவரிடம் ஏரிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். "எந்த ஏரி?" என்று கேட்டுவிட்டு, நான்கு திசைகளிலும் கையை நீட்டிக் காட்டினார். அங்கே நீர் தெரிய வேண்டுமென்றால் பாதையைவிட்டுச் சற்று விலகித்தான் போக வேண்டும்.

இனி, கேட்ட கேள்விக்கே பதில். கேவன் நகரிலிருந்து பட்லர்ஸ்பிரிட்ஜ், பெல்டர்பெட், மில்டவுன், கில்லஷாண்ட்ரா வழியாகச் சென்று, கில்லிகீன் காட்டைத் தொட்டுத் திரும்பும் சுற்று ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் வரும். மில்டவுனை ஒட்டி டிரம்லேனில் பழைய துறவி மடத்தின் வட்டக் கோபுரம் ஏரிக்கரையில் நிற்கிறது. லாக் ஊட்டர் நடுவே ஒரு சிறு தீவில் கிளாக் ஊட்டர் கோட்டையின் உடைந்த வட்டக் கோபுரத்தைக் காணலாம். 1649-இல் அயர்லாந்துத் தளபதி ஓவன் ரோ ஓநீல் இறந்தது அங்கேதான், 1653-இல் ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படை பீரங்கியால் அதை உடைத்தது. இந்தச் சுற்று தட்டையானது அல்ல, ஆனால் இடையிடையே ஏரியைக் காட்டும். தட்டைதான் வேண்டுமென்றால், பாலிகானலிலிருந்து பாலினமோர் பக்கம், ஷானன், எர்ன் ஆறுகளை இணைக்கும் கால்வாயான ஷானன்–எர்ன் நீர்வழியை ஒட்டிய சாலைகளில் போங்கள். குன்று ஏற முடியாத தண்ணீருக்காக எளிய வழியைத் தேடும் வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்களே உங்களுக்காக முடித்துவைத்திருக்கிறார்கள்.

சாலை எண்ணில் எல் என்ற எழுத்து இருந்தால் அது உள்ளூர்ச் சாலை: ஒரு காரின் அகலம், நடுவில் புல். அயர்லாந்துக் குடியரசின் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் சாலைகளில் ஐந்தில் நான்கு பங்கு இவைதாம். ஒவ்வொரு சிறு பண்ணைக்கும் ஒரு வழி வேண்டியிருந்ததால் உண்டானவை. 2025 பிப்ரவரியில் இவற்றின் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது, நமக்கு நல்லது. 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள டயரோடு அங்கே போகாதீர்கள்.

என்னை யாரும் இதுவரை கேட்காத, ஆனால் நான் பதில் சொல்ல ஆசைப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது: இதே பாதைகளை 1985-இல் ஓட்டியிருக்க முடியுமா? அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லையைக் கடப்பவற்றில் பலவற்றை முடியாது. வட அயர்லாந்தின் வன்முறைக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் எல்லையோரச் சிறு சாலைகளைக் குண்டுவைத்துப் பள்ளமாக்கியோ, கான்கிரீட் கட்டைகளை வைத்தோ அடைத்திருந்தது. பெல்டர்பெட்டுக்கு வடக்கே அகலேன் பாலத்தை 1972-இல் பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவினர் தகர்த்தார்கள். அமைதிப் பேச்சுக்குத் தலைமை வகித்த அமெரிக்கர் ஜார்ஜ் மிட்செலின் பெயரில் புதிய பாலம் திறந்தது 1999-இல். ஐந்து மாவட்டங்களை இணைத்து, எல்லையின் இருபுறமும் சுமார் 480 கிலோமீட்டர் ஓடும் கிங்ஃபிஷர் டிரெயில் என்ற சைக்கிள் வழி, அந்தச் சாலைகள் திறந்ததால்தான் சாத்தியமாயிற்று. இன்று சோதனைச்சாவடி இல்லை. வேகப் பலகை மைல் கணக்குக்கு மாறியிருப்பதைப் பார்த்துத்தான் வேறு நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று தெரியும்.

ஆனால் நேயர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் இதைக் கவனிக்க வேண்டும். தடுப்பார் இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லாமல் போய்விடவில்லை. அயர்லாந்தில் வேலை செய்யும் அனுமதி வட அயர்லாந்துக்குச் செல்லாது. அந்தப் பக்கம் கால் வைக்கப் பிரிட்டன் விசா வேண்டும். கிங்ஃபிஷர் வழி எல்லையைப் பல முறை கடக்கிறது. விசா இல்லாதவர்கள் நான் சொன்ன கேவன் சுற்றையும் பாலினமோர் சாலைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டும் குடியரசுக்குள்ளேயே முடிந்துவிடும்.

மாதம் எது என்றால், மே இறுதியும் ஜூனும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். தீவனப்புல் அறுவடை நேரமாதலால் பெரிய டிராக்டர்கள் வரும். ஒதுங்கி நின்று வழி விட்டால், ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொல்வார். நீங்களும் ஒரு விரலை உயர்த்தினால் போதும். செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு போவதாக இருந்தால், பறவைகள் கூடு கட்டும் காலத்துத் தடை முடிந்து வேலிகளை வெட்டத் தொடங்கியிருப்பார்கள். சாலையெங்கும் முள் கிடக்கும். கையில் இரண்டு டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இல்லாமல் அந்த மாதங்களில் கிளம்ப வேண்டாம்.