பெயர் வேண்டாம், விலாசம் வேண்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவில் 2016 தொடக்கம் 50,000-க்கும் மேற்பட்டோர் ஓபியொயிட் எனப்படும் அபின் வகைப் போதைப்பொருட்களால் உயிரிழந்திருக்கிறார்கள். இவர்களெல்லாம் தெருவோரத்தில் விழுந்து கிடந்தவர்கள் என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஒன்ராறியோவில் கூடுதலானோர் இறந்தது வீட்டுக்குள். அதிலும் பலர், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக.

இந்த வகையில் மிகக் கடுமையான ஃபென்டனில் அளவுக்கு மிஞ்சினால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும். மூளை சில நிமிடம்தான் தாங்கும். மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஒன்ராறியோவில் பல பார்மசிகளில் அது இலவசம். ஆனால் மயங்கிக் கிடப்பவர் அதைத் தனக்குத்தானே அடிக்க முடியாது. இன்னொருவர் வேண்டும். வெட்கத்திலும் பயத்திலும் ஒளித்துச் செய்கிறவர் அந்த இன்னொருவரை எங்கே தேடுவார்?

இதற்காகத்தான் கனடா முழுவதற்குமென நோர்ஸ் என்ற தொலைபேசிச் சேவை 2020 டிசம்பரில் தொடங்கியது. தனியாக எடுக்கிறவரோடு தொலைபேசியில் கூடவே இருந்து, பதில் நின்றால் உதவியை அனுப்புவதுதான் அதன் வேலை. இலக்கம் 1-888-688-6677. எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதோடு விடாமல் இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இப்படியான சேவைகளின் நேரமும் இலக்கமும் நிதியைப் பொறுத்து மாறக்கூடியவை; அவசரத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

மறுமுனையில் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பழக்கத்தைத் தாங்களே அனுபவித்தவர்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள். என்ன பெயரில் கூப்பிடலாம் என்று கேட்பார்கள், பட்டப்பெயர் போதும். எதை எடுக்கிறீர்கள், எப்படி எடுக்கிறீர்கள், நலோக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு விலாசம் கேட்பார்கள்.

இந்த இடத்தில்தான் சிலர் தொலைபேசியை வைத்துவிடக்கூடும். ‘பெயர் தேவையில்லை என்றீர்கள், இப்போது வீட்டு விலாசம் கேட்கிறீர்களே’ என்று. நேயர்களே, இதை ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பெயர் தெரியாமல் உங்களைக் காப்பாற்றலாம். விலாசம் தெரியாமல் காப்பாற்ற முடியாது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த விலாசத்தால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. பேச்சு நின்றால் மட்டுமே அது அம்புலன்ஸுக்குப் போகும்.

விலாசம் என்றால் தெருப்பெயரும் இலக்கமும் மட்டுமல்ல. டொரோண்டோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் இருக்கிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்கதவைத் தட்டினால் மேலே வீட்டுக்காரர் நித்திரை. பேஸ்மென்ட்டுக்கு வழி பக்கவாட்டில், வேலிக் கதவைத் திறந்து படியிறங்கிப் போக வேண்டும். அம்புலன்ஸ் 6 நிமிடத்தில் வந்து, கதவைத் தேடி இன்னொரு 6 நிமிடம் நின்றால் என்ன பலன்? ஆகவே ‘வலப்பக்கச் சிறுகதவு, படியிறங்கி இரண்டாவது அறை’ என்று சொல்ல வேண்டும். மாடிக்குடியிருப்பு என்றால் பஸர் இலக்கம், மாடி, வீட்டு இலக்கம் மூன்றும் வேண்டும். அறைக் கதவைப் பூட்டாதீர்கள். திருப்பிச் சொல்கிறேன், பூட்டாதீர்கள். குளியலறையில் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்காராதீர்கள். விழுந்தால் உங்கள் உடம்பே கதவை அடைத்துவிடும்.

தொலைபேசியை சார்ஜில் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, முகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். குரல் மட்டுமல்ல, மூச்சுச் சத்தமும் அவர்களுக்குக் கேட்க வேண்டும். குறட்டை போல, தொண்டையில் நீர் கொதிப்பது போல ஒரு சத்தம் வரும். அது நித்திரை அல்ல, ஆபத்து. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அவர்கள் நீண்டநேரம் பொறுத்திருக்க மாட்டார்கள். ஊசியோ புகையோ என்றால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விழுங்கிய குளிசைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள். தெருவில் ஒக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணி என்று சொல்லி விற்கிற குளிசைக்குள்ளும் ஃபென்டனில் இருக்கக்கூடும்.

911 அழைத்தால் பொலிஸ் வருமே என்ற பயம் நியாயமானது. பொலிஸ் வரவும் கூடும். ஆனால் 2017-இல் வந்த நல்ல சமாரியர் சட்டத்தின்படி, உதவிக்கு அழைத்தவர்மீதும் அங்கிருப்பவர்கள்மீதும் சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சுமத்த முடியாது. விற்பனைக்கும், ஏற்கெனவே உள்ள பிடியாணைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை; அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் சிலர், 911-க்கு முன் அழைக்கும்படி, பக்கத்து வீட்டு நண்பரின் இலக்கத்தை நோர்ஸுக்குக் கொடுக்கிறார்கள். கையில் நலோக்சோனோடு 2 நிமிடத்தில் வரக்கூடியவர் என்றால் நல்லதுதான். வேலைக்குப் போயிருக்கிறவர் என்றால் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் அறையில் நலோக்சோன் பெட்டியைக் கண்டால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைத் திறக்கப் பழகுங்கள். ஒரு மூக்கில் ஒரு தரம் அடித்து, 911 அழைத்து, மூச்சில்லாவிட்டால் 5 விநாடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு வராவிட்டால் மற்ற மூக்கில் இரண்டாவது. மூச்சு சீராக வந்தும் கண் திறக்காவிட்டால், ஃபென்டனிலோடு நித்திரைக் குளிசை வகை ஏதும் கலந்திருக்கலாம். அதற்கு நலோக்சோன் வேலை செய்யாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள். எழும்பிவிட்டான் என்று தனியே விடாதீர்கள். மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் குறைந்துவிடும், ஃபென்டனில் அதற்குப் பிறகும் உடம்பில் நிற்கும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சிகிச்சையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மெதடோன், புப்ரெனோர்ஃபின் இரண்டும் போதைக்கு அடிமையாகும் இந்த நோய்க்கான மருந்துகள்தான், இன்னொரு போதை அல்ல. புப்ரெனோர்ஃபினை வேறொருவரிடம் வாங்கித் தானாகத் தொடங்கக் கூடாது. உடம்பில் ஃபென்டனில் இருக்கும்போது போட்டால் நடுக்கமும் வாந்தியும் திடீரென்று கடுமையாக வரும். மருத்துவர் நேரம் பார்த்துத் தொடங்குவார். ஒன்ராறியோவில் எங்கே போவது என்று கேட்க, கொனெக்ஸ் ஒன்ராறியோ, 1-866-531-2600, 24 மணிநேரமும். பெயர் சொல்லத் தேவையில்லை. தமிழில் கதைக்க வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. முன்பு தாங்கிய அளவை உடம்பு இப்போது தாங்காது. அந்த வாரங்களில் நோர்ஸ் இலக்கம் அவருடைய தொலைபேசியில் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிடுங்கள். வணக்கம்.