சோளக்கதிரில் ஒரு கடிதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சிறு குழந்தைகளுக்கு முழுநீளத் திரைப்படம் காட்டலாமா, கூடாதா என்பது தலைப்பு. கூடாது என்று பேசிய நண்பர் ஒரு காட்சியை விவரித்தார். இரவு பத்து மணி ஆட்டம், இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை, திரையில் அரிவாள், அதிரும் ஒலியில் குழந்தை வீறிடுகிறது. நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அது குழந்தைக்குப் படம் காட்டுவதா? பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்த படத்துக்குப் போகிறார்கள், வீட்டில் விட்டுவர ஆளில்லாமல் பிள்ளையையும் தூக்கிப் போகிறார்கள். ஊறுகாயை ஊட்டிவிட்டு, பிள்ளைக்குச் சோறே ஆகாது என்று சொன்னால் எப்படி?

அடுத்து ஒரு கணக்கைக் காட்டினார். இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக நான் வாதாடவே இல்லை. ஆனால் ஒரு படத்தை ஒரே மூச்சில்தான் பார்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டொடோரோ' என்ற கார்ட்டூன் படம் 86 நிமிடம். பாதியாக்கினால் 43. இரண்டு மாலைகள். கணக்கு சரிதானே?

அப்படித்தான் என் மகளுக்குக் காட்டினேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. படத்தில் வரும் மெய் என்ற சின்னவளுக்கும் நான்குதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவும் இரண்டு பெண்களும் ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். வில்லன் கிடையாது. முதல் நாள் பாதியில் நிறுத்தியபோது அழுதாள், மறைக்கமாட்டேன். மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, "அந்த அம்மாவுக்கு இன்றைக்குச் சரியாகிவிடுமா?" என்று கேட்டாள். கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்த எந்தத் துண்டுப் படத்தைப் பற்றியும் அவள் மறுநாள் கேட்டதில்லை.

இரண்டாம் மாலையில் அந்த மழைக் காட்சி வந்தது. அப்பாவின் பஸ் வரவில்லை, சின்னவள் அக்காவின் முதுகில் தூங்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு பெரிய பிராணி வந்து நிற்கிறது, தலையில் ஓர் இலையோடு. அக்கா அதற்குக் குடை கொடுக்கிறாள். குடைமேல் துளி விழும் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. கொஞ்ச நேரம் வேறொன்றும் நடக்கவில்லை. விநாடிக்கொரு தடவை திரையைத் தள்ளிப் பழகிய பிள்ளை, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பயந்துவிடும் என்கிறார்கள். பயந்தாள்தான். சின்னவள் தொலைந்துபோய், குளத்தில் ஒற்றைச் செருப்பு கிடைத்ததும் மகள் என் மடிக்குள் சுருண்டாள். நிறுத்தட்டுமா என்றேன். "வேண்டாம், என்னைப் பிடித்துக்கொள்" என்றாள். எங்கள் அணி கேட்பது அந்த மடியையும் சேர்த்துத்தான். கார்ட்டூன்தானே என்று போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களை எதிரணி திட்டட்டும். கூடவே நானும் திட்டுகிறேன். இதே படம் 1988இல் ஜப்பானில் வெளியானபோது சேர்த்துத் திரையிட்ட இன்னொரு படம், போரில் அநாதையான அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. இரண்டுமே கார்ட்டூன்தான், ஒரே நிறுவனம் எடுத்ததுதான். நம் ஊர்த் தணிக்கைச் சான்றிதழிலும் இப்போது யுஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்துப் போடுகிறார்கள். போஸ்டரில் நாயகன் முகத்தைத் தேடுகிற கண் அதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

நடுவர் மணிமேல் கை வைக்கிறார். ஒரே நிமிடம், ஐயா.

படத்தில் சின்னவள் அம்மாவுக்காக ஒரு மக்காச்சோளக் கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே அலைகிறாள். கடைசியில் அது ஆஸ்பத்திரி ஜன்னலில் இருக்கிறது. 'அம்மாவுக்கு' என்று அதன் மட்டையில் கீறியிருக்கிறது. அந்த வாரம் சந்தையில் நான் இரண்டு கதிர் வாங்கிவந்தேன். என் மகளுக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. ஒரு கதிரை எடுத்துப்போய், மட்டைமேல் நகத்தால் கோடு கோடாகக் கீறி என்னிடம் நீட்டினாள்.

"படி, அம்மா" என்றாள்.