600 ரூபாய் ஃபைலைத் தோற்கடித்த ஒற்றைப் பலகை!

[திரை: மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கூடாரம் போல நிற்கிறது. கால்கள் மெல்ல விரிகின்றன. படுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த தேநீர்க் குவளையும் கூடவே கவிழ்கிறது.]

வணக்கம். இது நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று முறை படம்பிடித்தேன், மூன்று முறையும் விழுந்தது. மூன்றாவது முறைதான் குவளையில் தேநீர் இருந்ததை மறந்துவிட்டேன்.

கன்னியாகுமரிக் கடலில், பாறை மேல், 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். பீடம் 38 அடி, சிலை 95 அடி. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். 2004-இல் ஆழிப்பேரலை வந்தது, அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அங்கிருந்து சில மைல் தள்ளி, நாகர்கோவிலில் என் மேசை மேல், ஒரு அடி உயர ஃபைல் ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்கிறது. 'தானாக நிற்கும்' என்று அட்டையிலேயே அச்சடித்து 600 ரூபாய்க்கு விற்றார்கள். யார் விற்றார்கள் என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

தானாக நிற்கும் ஃபைல், தானாக நிற்கும் நோட்டு என்று இப்போது எத்தனையோ வந்துவிட்டன. எது நிற்கும், எது நடிக்கும்? கடைசியில் ஒரு பொருளைக் காட்டப் போகிறேன். அதில் ஆணி கிடையாது, கீல் கிடையாது, பசை கிடையாது. இப்போதே ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள், மனம் நோகும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு பொருளின் எடை மையம் அதன் அடிப்பரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரை அது விழாது. ஒரு சென்டிமீட்டர் கனமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஃபைலை நிமிர்த்தி வைத்தால், 2 டிகிரி சாய்ந்தாலே போதும், முடிந்தது. அதையே புத்தகம் போல 60 டிகிரி திறந்து நிறுத்துங்கள். இப்போது 17 டிகிரி வரை தாங்கும். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு தாள் கூடவில்லை. மடிப்பு ஒன்றுதான் வேலை செய்திருக்கிறது. கணக்கு முடிந்தது.

[திரை: வங்கிகளில் பார்த்துப் பழகிய, பருமனான நெம்புகோல் ஃபைல்]

இது ஜெர்மனிக்காரர்களின் வழி. 1886-இல் பான் நகரத்து சோனெக்கன் தாளில் ஓட்டை போடும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1896-இல் ஸ்டுட்கார்ட்டின் லைட்ஸ் வளைய ஃபைலுக்கு நெம்புகோல் வைத்தார். இன்றைக்கும் உலகின் பல நாடுகளில் இரண்டு ஓட்டைக்கும் நடுவில் 80 மில்லிமீட்டர் இடைவெளி. முதுகு 8 சென்டிமீட்டர் என்பதால் மூடிய நிலையிலேயே 14 டிகிரி வரை தாங்கும். ஒன்றைக் கவனியுங்கள். மேலட்டையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றனவே, வளையம் அதில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எதற்கு? அட்டை பிளந்து ஆப்பு போல ஆகாமல், பெட்டி போல நேராக நிற்பதற்கு. பத்து வருடம் அலுவலகங்களில் இதைப் பார்த்திருக்கிறேன், அது அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்தது மளிகைப் பை வழி. அடிப்பகுதி மடிந்து தட்டையாக விரியும் உறைகள். உள்ளே தாளைப் போட்டால் மேசையில் பை போல உட்கார்ந்துகொள்ளும். தட்டை அடிப் பை செய்யும் இயந்திரத்துக்கு 1871-இல் அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்ற பெண் காப்புரிமை பெற்றார். அதுவும் அவருடைய வடிவத்தைத் தன்னுடையது என்று சொன்ன ஒரு ஆளோடு வழக்காடி ஜெயித்த பிறகு. அந்த உறையில் ஒரே குறை, தாள் நிறைய இருந்தால்தான் நிற்கும். காலியாக இருந்தால் காலிச் சாக்குதான்.

இனி நம்முடைய 600 ரூபாய் கூடாரம். வளையம் மேல் விளிம்பில் இருக்கிறது, இரண்டு அட்டையும் கீழே கால்களாக விரிகின்றன, தாளை மேலே தூக்கிப் பின்னால் போடலாம். மேசை நாட்காட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் கம்பிச்சுருள் போட்ட கெட்டி அட்டை நோட்டுகளும் இதே இனம். யோசனை அருமை, மறுக்கவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் என் நண்பன் இதைப் பார்த்ததும் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டான். தேவாலயத்தின் மின்விசிறி அதை விடுமா என்பது வேறு விஷயம்.

எங்கே சிக்கல்? கால்கள் விரிய விரிய, அவற்றை வெளியே தள்ளும் விசையும் கூடுகிறது. 60 டிகிரி விரிவில் ஒரு காலைத் தள்ளும் விசை அந்தக் காலின் எடையில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 90 டிகிரி என்றால் பாதி எடை. பளபளப்பான மேசை மேல் வழுவழு பிளாஸ்டிக். பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்? இதற்கு மேல் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகும் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே காற்று, போகும் வழியில் என் சன்னலையும் விசாரித்துவிட்டுத்தான் போகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனியிலேயே என் ஃபைல் பறந்துவிட்டது.

மருந்து எளிது. பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டி இரண்டு கால்களின் விளிம்பிலும் ஒட்டினேன். கண்ணாடி மேசை மேல் 90 டிகிரி விரித்தும் நகரவில்லை! குலசேகரம், கீரிப்பாறைப் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம். அந்த ஷீட் காயும் நாற்றத்திலேயே வளர்ந்த மாவட்டத்துக்கு, ரப்பர் வைக்காத ஃபைலை விற்றிருக்கிறார்கள்.

[திரை: கருப்பேறிய, ஒன்றரை அடி நீளப் பலகை. மேசையில் படுத்திருக்கிறது.]

வந்துவிட்டோம். இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

தக்கலைப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். பாட்டா, அதாவது தாத்தா காலத்துப் பொருள், அயினி மரம். விளக்கெண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஏறி இந்த நிறம். கையில் கொடுத்துவிட்டுப் பெரியப்பா கேட்டார்: "மக்களே, இதில் ஆணி எங்கே இருக்கிறது, தேடு பார்ப்போம்." தேடினேன். இல்லை. 'எத்தனை பலகை?' என்று அடுத்த கேள்வி. இரண்டு என்றேன். சிரித்தார். ஒன்றுதான்.

[திரை: பலகையின் இரு முனைகளையும் பிரிக்கும் கைகள். பலகை இரண்டாகப் பிளந்து, பெருக்கல் குறி போல விரிந்து நிற்கிறது.]

இதுதான் வியாசபீடம். ஆடி மாதம் முழுக்க விளக்கேற்றி இராமாயணம் வாசிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் ஏடு இதன் மேல்தான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது, அந்தப் பழக்கம் போகவில்லை. இதையேதான் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இடலாக்குடியிலும் இஸ்லாமிய வீடுகளில் குர்ஆன் ஓத விரித்து வைக்கிறார்கள். அங்கே இது ரைஹால் பலகை. செதுக்குவேலை மாறும், சூத்திரம் ஒன்றுதான்.

எப்படிச் செய்கிறார்கள்? ஆசாரி ஒரு கனமான பலகையை எடுக்கிறார். கனத்தின் நடுவே, ஒரு முனையிலிருந்து ரம்பத்தை ஓட்டிப் பாதி வழிக்குச் சற்று முன்பே நிறுத்துகிறார். மறுமுனையிலிருந்தும் அப்படியே. இப்போது நடுவில் கொஞ்சம் இடம் மட்டும் பிளக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டது போல, மாறி மாறிக் கண்ணிகளை உளியால் செதுக்குகிறார். ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணிக்குள் சுழல வேண்டும், ஆனால் வெளியே வரக்கூடாது. உளி ஒரு நூல் தவறினாலும் அடுப்புக்குத்தான் போகும். செதுக்கி முடித்துப் பிரித்தால் கீல் தயார். மரமே கீல்.

இங்கே, நெருங்கிப் பாருங்கள். [திரை: மூட்டின் அண்மைக் காட்சி] கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தோள் தெரிகிறதா? பலகை ஓரளவு விரிந்ததும் இந்தத் தோள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடுகின்றன. மேலே புத்தகத்தை வைத்தால் எடை பலகையை விரிக்கப் பார்க்கும், தோள் விடாது. எடை கூடக் கூட முட்டும் இறுக்கமும் கூடும். கூடார ஃபைலைக் கவிழ்த்ததும் எடைதான், இதை நிற்க வைப்பதும் எடைதான். கால் வழுக்குமே என்ற கவலையே இதற்கு இல்லை, மேசை கண்ணாடியாக இருந்தால் என்ன, எண்ணெய் தடவியதாக இருந்தால் என்ன. ஃபைல் வடிவமைக்கிறவர்கள் மடிப்பில் இப்படி ஒரு தடுப்பு வைத்தாலே போதும், ரப்பர்கூட வேண்டாம். கத்தரித்த ஒரு துண்டு நாடாவை இரு கால்களுக்கும் நடுவில் கட்டியிருந்தாலும் ஏணி போல நின்றிருக்கும். அதற்கு எத்தனை பைசா ஆகிவிடும்?

[திரை: சன்னல் திறந்திருக்கிறது. ரப்பர் ஒட்டாத இன்னொரு கூடார ஃபைலும் வியாசபீடமும் அருகருகே. காற்று. ஃபைல் படுக்கிறது. பீடத்தின் மேல் விரித்த நோட்டின் தாள்கள் படபடக்கின்றன, பீடம் அசையவில்லை.]

தாள் பறக்கிறதே என்று உடனே எழுத வராதீர்கள், தாளைப் பிடிப்பது பீடத்தின் வேலையில்லை. பெரியப்பா வீட்டில் அதற்கு ஒரு சோழி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் இந்தப் பலகை இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். என்ன பெயரில் அழைக்கிறீர்கள், என்ன மரம், கண்ணிகள் எத்தனை? என்னுடையதில் ஐந்து. பெரியப்பாவுடையதில் என்று சொல்ல வேண்டும், ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கையில் வந்துசேர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். நேற்றே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.