காலண்டரில் ஒரு வட்டம்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பிள்ளைக்கு ஆஸ்துமா இழுப்பு வந்தால் நம் வீட்டில் முதலில் என்ன கேட்கிறோம்? 'ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தியா? தலைக்கு ஊத்தினியா?' வாழைப்பழத்தை நிறுத்துகிறோம், தயிரை நிறுத்துகிறோம். அது எந்தக் காற்றில் தூங்கி எழுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

லண்டனில் லூயிஷம் பகுதியில் 'எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா' என்று ஒரு சிறுமி. வீட்டிலிருந்து 25 மீட்டரில் சவுத் சர்க்குலர் சாலை, ஓயாத போக்குவரத்து. ஆறு வயதுவரை ஓடியாடிய பிள்ளைக்கு 2010இல் ஆஸ்துமா வந்தது. அதன்பின் 25 தடவைக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று இறந்துபோனாள். ஒன்பதே வயது.

2014இல் நடந்த மரண விசாரணையில் காற்றைப் பற்றிய பேச்சே இல்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. ஆஸ்துமா நிபுணரான பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட் ஒரு காரியம் செய்தார். அந்தச் சிறுமி ஆஸ்பத்திரிக்குப் போன தேதிகளையும், பக்கத்து அளவீட்டு நிலையங்களில் மாசு ஏறிய நாட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் பொருந்தி வந்தன. மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பர் 16 அன்று, காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று தீர்ப்பானது. பிரிட்டனில் அப்படிச் சொன்ன முதல் தீர்ப்பு அது.

அதில் இன்னொன்றும் இருந்தது. மாசுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வீடு மாறியிருப்பேன் என்றார் அவர். ஒரு மருத்துவராக எனக்கு இது தாங்கவில்லை.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் உள்ளுக்குள் எப்போதும் புண்பட்டுச் சிவந்தே இருக்கும். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத புகைத்துகள் அதில் படும். டீசல் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேரும். குழாய் வீங்கும், சளி கோக்கும், சுற்றியுள்ள தசை இறுகும். விலா எலும்புக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுக்கும். பிள்ளையால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாது. அந்த நிலையில் வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

என்னிடம் வரும் ஓர் அம்மா, இழுப்பு வந்தவுடன் எடுக்கும் நீல இன்ஹேலர் தேவைப்பட்ட நாளையெல்லாம் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுவந்தார். ஐந்து வட்டங்களில் நான்கு, வீட்டுக்குப் பின்னால் குப்பை கொளுத்திய நாட்கள். கட்டிலை அந்த ஜன்னல் பக்கமிருந்து மாற்றினார். தினமும் போட வேண்டிய இன்ஹேலரை ஒரு நாளும் நிறுத்தவில்லை. அந்தத் தாளை நகல் எடுத்து, குப்பை எரிப்பதை நிறுத்தச் சொல்லி வார்டு கவுன்சிலருக்குக் கொடுத்த மனுவோடு இணைத்தார்.

உங்கள் வீட்டிலும் காலண்டர் தொங்குகிறது. அதன் பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டி வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.