அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேசைமேல் நான் சேகரித்த பழைய போத்தல்கள் ஏழு வைத்திருக்கிறேன். நான்கு பீர் போத்தல், இரண்டு சோடா போத்தல், ஒரு கோலி சோடா போத்தல். பீர் போத்தலை மேடையேற்றுவதா என்று சிலருக்கு மனம் சுளிக்கும். அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது, அதனால் முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

குடி நம் சனத்தை அழித்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளை நினைத்துப் பாருங்கள். கூலி உயர வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். அதே மூச்சில் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். அந்த வேலைநிறுத்தத்தைப் பிரிட்டிஷ் அரசு துப்பாக்கி கொண்டு அடக்கியது, நாதனை நாடு கடத்தியது. குடியின் பெருமை பேச நான் இங்கே நிற்கவில்லை.

என் அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடித்தவரில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது பீர் போத்தல்தான். செந்தூல் பக்கம் மூன்று சக்கர வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய போத்தல், பழைய பேப்பர் வாங்குவார். சாயங்காலம் வண்டி வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அம்மா தகரத் தொட்டியில் சவர்க்காரத் தூள் கரைத்து வைத்திருப்பார். போத்தல்களை ஊறப் போட்டு, நீளத் தூரிகையை உள்ளே விட்டுச் சுழற்றி, கவிழ்த்து அடுக்குவோம். அப்பா ஒவ்வொன்றையும் கழுத்தில் பிடித்து நகத்தால் சுண்டுவார். நல்ல போத்தல் கணீரென்று பேசும். கீறல் விழுந்தது செத்த சத்தம் போடும். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் அவர் காது பிடித்துவிடும். பெரிய பீர் போத்தல்கள் கிச்சாப்பு என்னும் சோயாச் சாறு அடைக்கும் கம்பெனிக்குப் போகும். சோடா போத்தல்கள் முன்பணம் திருப்பித் தரும் கடைக்குப் போகும்.

சேகரிப்பவனாக நான் மாறியது அப்பா இறந்த பிறகுதான். கொல்லையைச் சுத்தம் செய்தபோது சுவரோரம் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது இந்தக் கோலி சோடா போத்தல். கையிலெடுத்துக் காட்டுகிறேன், பின்வரிசையில் இருப்பவர்கள் சற்று எழுந்து பாருங்கள். கழுத்தில் இரு பக்கமும் விரலால் அழுத்தியதுபோல் பள்ளம் இருக்கிறது அல்லவா? ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. போத்தலைத் தலைகீழாக வைத்துச் சோடாவை நிரப்புவார்கள். கோலி வாய்க்கு உருண்டு வரும். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டையால் ஓர் அழுத்து அழுத்தினால் கோலி கீழே விழும். குடிக்கும்போது அது மறுபடி வாயை அடைக்காமல் அந்தப் பள்ளம் தடுத்து நிறுத்தும். தக்கையும் கம்பியும் இல்லாமல், சோடாவின் பலத்தாலேயே சோடாவை அடைத்த அறிவு அது. உலகமெங்கும் பிள்ளைகள் கோலிக்காக இந்தப் போத்தல்களை உடைத்தார்கள். முழுசாகக் கிடைப்பது குறைவு என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வட்டாரத்தில் சோடா என்றால் எஃப் அண்ட் என். ஜான் ஃப்ரேசரும் டேவிட் சால்மர்ஸ் நீவும் 1883இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அச்சகம் நடத்திவந்தவர்கள் சோடாத் தொழிலில் இறங்கினார்கள். தீபாவளிக்கு ஆரஞ்சும் சார்சியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பண்டிகை முடிந்ததும் காலிப் போத்தலை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது பிள்ளைகள் வேலை. ஒன்று குறைந்தாலும் முன்பணம் போய்விடும்.

அதே கம்பெனி 1931இல் ஹைனெக்கன் என்ற டச்சு பீர்க் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மலாயன் பிரூவரிஸ் என்ற மதுபான ஆலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு டைகர் பீர் வந்தது. ஜெர்மானியர்கள் ஆர்க்கிபெலாகோ என்று போட்டி ஆலை வைத்து, 1933இல் ஆங்கர் பீரைக் கொண்டுவந்தார்கள். போர் வந்தது. எதிரி நாட்டுச் சொத்து என்று பிரிட்டிஷ் அரசு அந்த ஆலையைப் பறிமுதல் செய்ய, 1941இல் மலாயன் பிரூவரிஸ் அதை வாங்கிக்கொண்டது. புலியும் நங்கூரமும் ஒரே வீட்டுக்குள் வந்த கதை இதுதான். இவை சிங்கப்பூர் ஆலைகள். நம் கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஆலை என்றதும் நினைவுக்கு வருவது சுங்கைவே. 1965இல் அயர்லாந்துக் கறுப்பு பீர்க் கம்பெனியான கின்னஸ் அங்கே காய்ச்சத் தொடங்கியது. 1989இல் அதுவும் மலாயன் பிரூவரிஸின் மலேசியப் பிரிவும் சேர்ந்து கின்னஸ் ஆங்கர் ஆனது, 2016இல் ஹைனெக்கன் மலேசியா என்று பெயர் மாறியது.

சுங்கைவேக்கு முந்திய கின்னஸ் லேபிள்கள்தான் என்னைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை. டப்ளினில் காய்ச்சிய கறுப்பு பீரைப் பீப்பாயில் வாங்கி, இங்கிலாந்தில் போத்தலில் அடைத்துக் கப்பலேற்றிய கம்பெனிகள் பல. சரக்கு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் முத்திரையை ஒட்டியது. ஒன்றில் நாய்த்தலை, இன்னொன்றில் ஓநாய்த்தலை. இங்கே ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் படத்தைக் காட்டித்தான் வாங்கினார்கள். கறுப்பு நாய் என்று பொருள்படும் சொல்லால் சீனர்கள் இன்றும் கின்னஸைக் கேட்பதுண்டு.

அந்தத் தாள்கள் இன்று ஏன் அரிதாகிவிட்டன? கழுவியதால். போத்தல் திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டும், அதற்கு லேபிள் உரிய வேண்டும். எங்கள் தகரத் தொட்டியில் எத்தனை ஓநாய்கள் கரைந்து போயினவோ! நானே என் விரலால் உரித்திருக்கிறேன். ஈரத்தாள் உருண்டு உருண்டு நகக்கண்ணில் சேரும். இன்று ஏலத்தில் அதே படத்தைப் பார்க்கும்போது அந்த வழுவழுப்பு விரலில் வருகிறது.

இனி போத்தலைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தையல் அது. கையால் வாய் முடித்த பழைய போத்தலில் தையல் கழுத்தோடு நின்றுவிடும். இயந்திரத்தில் பிறந்ததில் வாய் விளிம்பு வரை ஏறும். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் முழுத் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு உலகம் மெல்ல அதற்கு மாறியது. அதற்கு முன்பே, 1892இல், வில்லியம் பெயின்டர் பல்வைத்த தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வாய் விளிம்பு அந்த மூடி கவ்வுவதற்கேற்ற உதட்டோடு இருந்தால் அந்தக் காலத்துக்குப் பிந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். பீர் போத்தல் பழுப்பு நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சத்து கெட்டு நாற்றமடிக்கும், பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுக்கும். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். கண்ணாடி ஆலையின் குறி, அச்சு எண், சிலவேளை ஆண்டு எல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்தப் பீர் போத்தலின் தோள்பட்டையைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு வளையம், அடிவயிற்றில் இன்னொன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். பெட்டிக்குள்ளும் வண்டியிலும் பக்கத்துப் போத்தலோடு உரசி உரசி வந்த தேய்மானம் அது. சேகரிப்பாளர்கள் இதைக் குறை என்பார்கள், விலையைப் பாதியாக்குவார்கள். பளபளவென்று தேயாத போத்தலைத்தான் தேடுவார்கள். நான் அவர்களோடு இதில் ஒத்துப்போக மாட்டேன். தேயாத போத்தல் ஆலையின் பெயரை மட்டும் சொல்லும். தேய்ந்த போத்தல் எத்தனை முறை ஊரைச் சுற்றியது, எத்தனை பேர் தூக்கினார்கள், எத்தனை தொட்டியில் குளித்தது என்பதைச் சொல்லும். ஆலை முதலாளிகளின் பெயர் ஏட்டில் இருக்கிறது. என் அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் வேலை செய்ததற்கு நான் காட்டக்கூடிய சான்று இந்த வளையம் ஒன்றுதான்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி வைத்த பழைய போத்தல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே அழுக்கிருந்தால் ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள், அது போதும். வெந்நீர் ஊற்றினால் பழைய கண்ணாடி பிளந்துவிடும். லேபிள் ஒட்டியிருந்தால் தண்ணீரே காட்டாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். பாட்டி தாத்தாவிடம் அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் போத்தலோடு கட்டி வையுங்கள். சீட்டில்லாத போத்தல் என்னிடம் இருபதுக்கு மேல் இருக்கிறது. வாங்கிய அன்றே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கொடுத்தவர்கள் இப்போது இல்லை.

இப்போது ஒவ்வொருவராக மேசைக்கு வாருங்கள். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டவர்கள் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம், ஒரு கை அடியைத் தாங்கட்டும். கோலி சோடா போத்தலை மெல்லச் சாய்த்தால் கோலி உருளும். அந்தச் சத்தத்தைக் கேட்க முதலில் பிள்ளைகள் வரட்டும்.